நாய் முத்திரையும் வாட் கணக்கும்

ராஜபாளையத்துக்காரர் நாய் வாங்குவதென்றால் நேரில் பார்த்துத்தான் வாங்குவார். சங்கீதப் பெட்டி வாங்கும்போது மட்டும் அட்டையில் அச்சிட்டதை நம்பிவிடுகிறார்! 'ஆயிரம் வாட்' என்று போட்டிருந்தால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி வீட்டுக்கும் அதுவே சிபாரிசாகப் போய்ச் சேருகிறது.

கிராமபோன் தட்டுகளில் வந்த நாய் முத்திரையின் சமாசாரம் தெரியுமோ? பிரான்சிஸ் பாரட் என்னும் ஓவியர் முதலில் தீட்டிய படத்தில், நிப்பர் என்ற அந்த நாய் கேட்டுக் கொண்டிருந்தது எடிசன் முறைச் சிலிண்டர் யந்திரத்தை. 1899-ல் கிராமபோன் கம்பெனியார் படத்தை விலை பேசினார்கள். ஓவியரைக் கொண்டே பழைய யந்திரத்தை மறைத்துத் தங்கள் பெட்டியை எழுதச் செய்தார்கள். நாய் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை; எஜமானின் குரல் மட்டும் வேறு பெட்டிக்குக் குடிபோய்விட்டது!

வாட் கணக்கும் இந்த ஜாதிதான். கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைப் 'பி.எம்.பி.ஓ.' என்று பெரிதாகப் போடுவார்கள். பார்க்க வேண்டியது, நீடித்து நிற்கும் 'ஆர்.எம்.எஸ்.' சக்தியை. அந்தச் சக்தி இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது சொற்பமே.

கடைக்குப் போகிறவர்கள் பழகிய நாதஸ்வர இசை ஒன்றை எடுத்துப் போய், இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிடில் சற்று உரக்கப் பாடுவதே உயர்ந்ததாகத் தோன்றும். வியாபாரிகள் இதை நன்கு அறிவார்கள்.