திரும்பி வராத விமானங்கள்

பிள்ளையார்பாளையத்தில் தறி போடுபவன் நான். பாவில் இழை அறுந்தால் கண் தேடுவது இல்லாத இழையைத்தான். ஆப்ரகாம் வால்டு என்ற கணித மேதையும் அப்படித்தான் தேடினார். இரண்டாம் உலகப்போரில், திரும்பிய விமானங்களில் குண்டுத் துளைகள் எங்கே குறைவோ அங்கேதான் கவசம் வேண்டும் என்றார். அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லையே!

அவர் இறந்தது நம் நீலகிரியில். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டக்கோட்டா, இரட்டை உந்துவிசிறி விமானம், கோத்தகிரி அருகே மலையில் மோதியது. உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. அவர் மனைவியும் உடனிருந்தார். விரிவுரைகளுக்காக இந்தியா வந்தவர் வால்டு.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் புள்ளியியல் படிக்கிறாள். அவளுக்கு வால்டு யாரென்று தெரியாது. மனம் வலிக்கிறது. கோத்தகிரியின் பெயரோடு அவர் கதை நம் பாடப்புத்தகத்தில் வர வேண்டும். கல்வித்துறை இதைச் செய்யட்டும்.