பொம்மை ரயிலும் ஊர் வரலாறும்: பென்டன் காட்சியகத்தை முன்வைத்து

மாதிரி ரயில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது திருவிழாக் கடையில் வாங்கிச் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மைதான். வயது வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அதில் ஈடுபடுவதை, நேரமும் பணமும் மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதும் நம் வழக்கம். இலக்கிய வாசகர்கள் இவ்வெண்ணத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். பலர் கூடி ஒரு வட்டாரத்தைச் சிறிதாக்கிக் கட்டி, அதன் நடுவே ரயில் ஓடவிடும்போது, அவர்கள் எழுதுவது வரலாறு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி நாவலாசிரியனுக்கு உள்ளதுபோல் அவர்களுக்கும் உண்டு. எனவே ஒரு நாவலை விமர்சிப்பதுபோலவே அவர்கள் கட்டிய ஊரையும் விமர்சிக்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் வட்டாரத்தில், டிட்காட் நகருக்கு அருகே லாங் விட்டன்ஹாம் என்றொரு சிற்றூர். அங்கே இருப்பது பென்டன் அருங்காட்சியகம். அதைத் தொடங்கிய ராய் இங்கிலாந்து பெயரளவில்தான் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925இல் இளைஞராக வந்தவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் வட்டாரத்தில் மனம் பறிகொடுத்தார். சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட குதிரை உருவத்தால் வந்த பெயர் அது. வைக்கோல் வேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்ட அவர், அவை மறையுமுன் அளந்து, படமெடுத்து, அட்டையிலும் நீர்வண்ணத்திலும் மறுபடி கட்டத் தொடங்கினார். அளவு 76இல் ஒரு பங்கு. அதாவது ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர். ஆறடி மனிதன் அங்கே 24 மில்லிமீட்டர் உயரம். 1954இல், முன்பு மதுவிடுதியாக இருந்த ஒரு கட்டடத்தில் காட்சியகம் உருவாயிற்று. 1995இல் அவர் காலமான பின்னும் தன்னார்வலர்கள் அப்பணியைத் தொடர்கிறார்கள்.

அதே கூரையின் கீழ் இன்னொரு படைப்பும் காக்கப்படுகிறது. ஜான் அஹெர்ன் என்பவர் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய ‘மேடர் பள்ளத்தாக்கு ரயில்’ அது. ரயில் வண்டியே எல்லாம், நிலம் வெறும் பின்புலம் என்றிருந்த காலத்தில், ஊரையும் ஆற்றையும் தெருவையும் முதன்மைப்படுத்திய முன்னோடி அவர். அவருடைய கட்டடங்கள் பல, நாட்டின் வெவ்வேறு இடங்களில் உள்ள உண்மையான கட்டடங்களின் சாயல் கொண்டவை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. அஹெர்ன் செய்தது புனைவு. ராய் இங்கிலாந்து செய்ய முயன்றது ஆவணம். இவ்விரு போக்குகளும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்பது, இலக்கியம் பயின்றவர்களுக்கு நல்ல பாடம்.

பென்டனைப் புரிந்துகொள்ள நம் திணைக் கோட்பாடே போதுமானது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் பறவை, விலங்கு, மரம், தொழில் முதலானவை கருப்பொருள். மனிதருக்குரிய உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். பாடலுக்குள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தும். பென்டனில் முதற்பொருள் துல்லியமாக இருக்கிறது: பள்ளத்தாக்கு, 1930களையொட்டிய காலம். கருப்பொருளோ வியக்கத்தக்க நிறைவுடன் இருக்கிறது: தோட்டச் செடி, வேலி, கூரை, ரயில் பெட்டி. உரிப்பொருள் எங்கே? நம் கேள்வி இதுதான்.

அந்த அழகிய குடிசைகளுக்குள் வாழ்ந்தவர்களின் கதையைப் பார்ப்போம். தானியத்துக்கு அரசு அளித்திருந்த விலை உத்தரவாதத்தை 1921இல் நாடாளுமன்றம் நீக்கியது. பண்ணைக் கூலியை நிர்ணயித்த வாரியமும் அத்துடன் போயிற்று. கூலி நிர்ணயம் 1924இல் மறுபடி வந்தது. ஆனால் வேலையிழந்தால் கிடைக்கும் காப்பீட்டில் பண்ணைத் தொழிலாளர் சேர்க்கப்பட்டது 1936இல்தான். பலருடைய குடிசை பண்ணையாருக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அதற்கெதிரான முறையான சட்டப் பாதுகாப்பு 1976 வரை வரவில்லை. அட்டைச் சுவரில் ஈரக்கசிவின் கறையை வரைந்துவிடலாம். அச்சுவருக்குள் இருந்த அச்சத்தை எந்தத் தூரிகையால் வரைவது?

இன்னொரு முரணும் உண்டு. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இப்பள்ளத்தாக்கின் ஊடாகப் பாதை போட்டது 1840இல். லண்டன் - பிரிஸ்டல் பாதை 1841இல் நிறைவுற்றது. கூரைக்கு வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல்லையும் சுவருக்குத் தொலைவூர்ச் செங்கல்லையும் மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தது ரயில்தான். உள்ளூர் வைக்கோலும் உள்ளூர்க் கல்லும் வழக்கொழிந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதே ரயில்தான் இங்குள்ள பாலை லண்டனுக்குச் சுமந்து, தானிய விலை சரிந்த காலத்தில் உழவர்களை உயிரோடு வைத்தது. அழித்ததும் அதுவே, காத்ததும் அதுவே. மாதிரி உலகில் ரயிலும் குடிசையும் இணக்கமாக நிற்பதைக் காண்பவர் இந்த இழுபறியை உணர வழியில்லை. பின்னர் அந்த ரயிலும் தப்பவில்லை. பள்ளத்தாக்கின் அஃபிங்டன் நிலையத்திலிருந்து ஃபேரிங்டனுக்கு 1864இல் திறந்த கிளைப்பாதையில் பயணிகள் வண்டி 1951இல் நின்றது. அஃபிங்டன் நிலையமே 1964இல் மூடப்பட்டது.

உரிப்பொருளைத் தந்த ஒருவர் அதே வட்டாரத்தில் இருந்தார் என்பதுதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. ஆல்ஃபிரட் வில்லியம்ஸ், 1877இல் ஸ்விண்டனுக்கு அருகே பிறந்தவர். ஸ்விண்டன் ரயில்வே தொழிற்சாலையின் பட்டறையில் 1914 வரை உழைத்த சம்மட்டித் தொழிலாளி, கவிஞர். லத்தீனும் கிரேக்கமும் தாமே கற்றார். முதல் உலகப் போரில் படைவீரராக இந்தியா வந்தவர் பின்னர் சமஸ்கிருதமும் பயின்று, பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். வெள்ளைக் குதிரை வட்டாரத்துச் சிற்றூர்களின் வாழ்க்கையை 1913இல் ஒரு நூலாகவும், ரயில் தொழிற்சாலையின் வெப்பத்தையும் அவமதிப்பையும் 1915இல் இன்னொரு நூலாகவும் எழுதினார். தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதி மக்களிடம் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1923இல் வெளியிட்டார். 1930இல் வறுமையில் இறந்தார். ராய் இங்கிலாந்து அளவுகோலுடன் அவ்வட்டாரத்தில் சுற்றிய காலத்தை ஒட்டித்தான் இவரும் மறைந்தார். ஒருவர் வீடுகளை அளந்தார். மற்றவர் வீடுகளுக்குள் இருந்த குரல்களைக் கேட்டார்.

மாதிரி ரயில் கட்டுபவர்கள் சமூகவியல் எழுத வேண்டுமா, அழகுக்காகக் கட்டுவதை அழகாகவே விட்டுவிடக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அழகை நாம் குறை சொல்லவில்லை. ஒரு குடிசைக்காக மாதக்கணக்கில் குனிந்திருப்பவரின் உழைப்பு, ஏடு தேடிப் பாடபேதம் நோக்கும் பதிப்பாசிரியரின் உழைப்புக்குக் குறைந்ததன்று. ஆனால் 1935இல் பத்து வயதாக இருந்த சிறுமி இன்று நூறு வயதைத் தாண்டியிருப்பார். “அந்த வீட்டில் குளிர்காலம் எப்படி இருந்தது தெரியுமா?” என்று காட்சியகத்தில் நின்று திருத்திச் சொல்ல இனி ஏறக்குறைய எவருமில்லை. சாட்சிகள் இருந்தவரை மாதிரி ஊர் ஒரு நினைவூட்டல். சாட்சிகள் போனபின் அதுவே சாட்சி. அப்போது அதன் அழகே உண்மையாகிவிடும். கடந்த காலம் இவ்வளவு இனிமையானது என்று நம்புகிறவன், நிகழ்காலத்தில் பண்ணைத் தொழிலாளியின் குறையை ஏன் கேட்கப் போகிறான்?

எனவே நாம் வேண்டுவது ஒன்றே. இத்தகைய காட்சியகம் எங்கிருந்தாலும், கட்டடத்தின் அளவைக் குறித்து வைப்பதுபோலவே, அதில் குடியிருந்தவரின் கூலி, வாடகை, அவர் பாடிய பாட்டு, அவர் வெளியேறிய ஆண்டு ஆகியவற்றையும் குறித்து வைக்க வேண்டும். ஆல்ஃபிரட் வில்லியம்ஸின் நூல்களைப் பென்டனின் குடிசைகளுக்கு அருகே வைத்துப் படிக்கும்போது அந்த 24 மில்லிமீட்டர் மனிதர்கள் மூச்சுவிடத் தொடங்குகிறார்கள். நிலத்தைக் காத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். அந்நிலத்தில் வருந்தியவர்களையும் காக்கும்படி அவர்களிடமே கேட்போம்.