கொழுப்பு நீர் பயிருக்கு உரமாகுமா?

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்புப் பெருகியதை அடுத்து, கோழியை அறுத்துப் பதப்படுத்தும் ஆலைகளும் வந்துள்ளன. "கிணறு வற்றிவிட்டது. ஆலைக் கழிவுநீரை இலவசமாகத் தருகிறார்கள். தென்னைக்கு விடலாமா?" என்று உழவர் ஒருவர் அண்மையில் கேட்டார். இரத்தமும் கொழுப்பும் உரம்தானே என்பது அவர் எண்ணம்.

இதில் பாதிதான் உண்மை. இரத்தத்தில் தழைச்சத்து உண்டு. கொழுப்பில் தழை, மணி, சாம்பல் சத்து எதுவும் இல்லை. அது மண் துகள்களின் மேல் மெழுகு போலப் படிந்து நுண்துளைகளை அடைக்கிறது. நீர் உள்ளே இறங்காது. வேருக்குக் காற்றுக் கிடைக்காது. கொழுப்பை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக் கொள்வதால் பயிர் வெளிறும். ஆலையைக் கழுவும் காஸ்டிக் சோடாவின் சோடியம் சேர்ந்தால் மண் இறுகி, களர்த்தன்மை அடையும்.

இந்த நீரைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. முதலில் இறகு, குடல் துணுக்குகளைச் சல்லடையில் பிரிக்க வேண்டும். பிறகு நீரை ஆறவிட்டு, தொட்டியில் அசையாமல் நிறுத்தினால் கொழுப்பு மிதக்கும், வழித்தெடுத்து விடலாம். சோப்பும் வெந்நீரும் கலந்து பால் போலாகிவிட்ட கொழுப்பு இப்படிப் பிரியாது. அதற்கு, அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரை அடியில் செலுத்த வேண்டும். நுண்குமிழிகள் கொழுப்பை ஏந்தி மேலே கொண்டு வரும். வழித்த கொழுப்பும் வீணல்ல. ஒரு கிலோ கொழுப்பு முழுதும் செரித்தால் ஏறத்தாழ 1 கன மீட்டர் மீதேன் வாயு கிடைக்கும். ஆனால் எரிவாயுக் கலனில் ஒரேயடியாகக் கொட்டினால் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். சாணத்துடன் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். மிஞ்சும் நீரைக் காற்றூட்டித் தெளிய வைக்க வேண்டும்.

இவை அனைத்தும் ஆலையின் கடமை. உழவரின் வேலை அல்ல. சுத்திகரிப்புச் செலவை மிச்சப்படுத்த ஏழை உழவரின் நிலத்தைத் தொட்டியாக்குவது தானமாகாது. பாசனத்துக்கு விடும் ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராம், பி.ஓ.டி. எனப்படும் பிராணவாயுத் தேவை 100 மில்லிகிராம் என்பதே பொது விதியின் உச்ச வரம்பு.

ஆகவே நீரை ஏற்குமுன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையையும், அண்மைய ஆய்வறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றால் நிறுத்தும் உரிமையை எழுத்தில் பெறுங்கள். கண்ணாடிப் புட்டியில் நீரைப் பிடித்து ஓரிரவு வையுங்கள். மேலே ஆடை கட்டினாலும், பால் போல் கலங்கியே இருந்தாலும் திருப்பி அனுப்பி விடுங்கள். தெளிந்திருந்தாலும் ஆய்வறிக்கை அவசியம். நல்ல நீரையும் கிணற்றருகே தேக்க வேண்டாம். பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு விட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்யுங்கள்.

சுத்திகரித்த நீர் கோடையில் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் கைகொடுக்கும். சுத்திகரிக்காத நீரோ, வறட்சியில் தப்பிய நிலத்தையும் கெடுத்துவிடும். ஒரு கோடை மழையில் கிணறு ஊறிவிடும். கெட்ட மண் திருந்தப் பல ஆண்டுகள் ஆகும்.