பின்னச்சின் ஓலம்

மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் உழைத்துக் களைத்த பழைய லாண்ட் றோவர் வண்டிகள் இன்றும் நம் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாகிய அவ்வண்டியின் ‘சீரிஸ்’ வகை, 1985 இல் உற்பத்தி நின்றுபோயிற்று. அவற்றுள் மிக இளையதற்கும் இப்போது வயது நாற்பதுக்குக் குறையாது.

இவ்வண்டிகளை வைத்திருப்போருள் பலர், பின்னச்சிலிருந்து எழும் ஓலத்தைப் பொருட்படுத்துவதில்லை. “பழசென்றால் சத்தம் போடத்தானே செய்யும்” என்பர். இப்பேச்சு நமக்கு உடன்பாடன்று.

ஓலத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் டிபரன்சியலே. நடுத்தண்டு ஏறத்தாழ 4.7 முறை சுழன்றால் சில்லு ஒரு முறை சுழலும். அவ்வளவு பாரத்தையும் பினியன் என்னும் சிறு பற்சில்லும், அதனோடு கவ்வி நிற்கும் கிறவுண் சில்லுமே சுமக்கின்றன. எனினும், முதலில் ரயரைச் சந்தேகித்தல் நன்று. முரட்டுப் பள்ளங்கள் வெட்டிய ரயரும் இவ்வாறே ஊளையிடும். ஆனால் பாதையின் தன்மை மாறினால் அதன் குரலும் மாறிவிடும். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும், விடும்போது வேறு விதமாகவும் ஒலித்தால் பற்களின் தேய்வு எனலாம். வளைவில் மாத்திரம் கேட்டால் உள்ளிருக்கும் சிறு பற்சில்லுகள். எப்போதும் ஒரே உறுமலாயின் பெயரிங்.

எண்ணெய்க்குள் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அடக்கி விற்கும் தந்திரம் மோட்டார் வாணிபத்தில் மிகப் பழையது. வாங்குவோர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பதில் வெட்கமில்லை. அதில் உலோகத் துணுக்குகள் மின்னினால் பேரம் பேசுவதை நிறுத்திக்கொள்ளலாம்.

நாம் இவ்வளவு வற்புறுத்துவது காதின் சுகத்துக்காக அன்று. இவ்வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னால் நடுத்தண்டையே பிடிக்கின்றது. பினியனின் பற்கள் உடைந்தாலோ, அச்சுத்தண்டு முறிந்தாலோ, பின்சில்லுகளுக்கும் கைப்பிறேக்குக்கும் இருந்த தொடர்பு அற்றுப்போகும். சரிவில் நிறுத்திய வண்டி, பிள்ளைகளை ஏற்றியபடியே, தானாக உருளத் தொடங்கும்.

பினியனும் கிறவுணும் சோடியாகப் பொருத்தி அமைக்கப்பட்டவை. ஒன்றை மாத்திரம் மாற்றுதல் பயனற்றது. புதுச் சோடியைப் பொருத்தி இடைவெளி அளந்து அமைப்பதோ கைதேர்ந்தவர் வேலை. ஆனால் கட்டை அச்சிடை வண்டிகளுக்கு எளிய வழியொன்று உண்டு. அவற்றின் முன்னச்சிலும் பின்னச்சிலும் உள்ள டிபரன்சியல் ஒரே இனத்தது. முன்னச்சு தார் வீதியில் உழைப்பதில்லை. உழைக்கும்போதும், எதிர்முகமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் பற்களின் மறுபக்கமே பாரம் தாங்கும். எனவே முன்னதைப் பின்னுக்கு மாற்றினால், தேயாத பக்கம் வேலைக்கு வரும். விகிதமும் அச்சுத்தண்டின் பொருத்தமும் ஒன்றேயென உறுதிசெய்த பின்னரே இதைச் செய்க. பிந்திய நீள வண்டிகள் பலவற்றின் பின்னச்சு வேறு இனத்தது. அவற்றுக்கு இவ்வழி பயன்படாது. பல் உதிர்ந்த டிபரன்சியலை முன்னாலும் வைத்தலாகாது.

வேலை முடியும்வரை, மேட்டில் நிறுத்தும்போது நான்கு சில்லுப் பூட்டையும் தாழ்ந்த கியரையும் இணைத்துவிட்டு, சில்லின் கீழ் ஒரு நல்ல கருங்கல்லையும் வைத்துவிடுக.