கப்பலில் ஆளே இல்லையே!

எட்டு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. "குழம்புச் சட்டியை எங்கங்க வைக்கிறது?" என்று மனைவி கேட்காத நாளில்லை. வானொலியில் காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலையே எழுகிறவன் நான். பேசிப் பேசி ஓய்ந்த வாய்க்கு, பேச வேண்டிய அவசியமில்லாத ஒரு வேலை தேவைப்பட்டது.

கப்பலின் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். அசலின் நீளம் 227 மீட்டர். 350இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 65 சென்டிமீட்டர். 14 அங்குல பீரங்கிகள் பத்து: முன்னே நான்கு, அதற்குப் பின்னால் சற்று உயரத்தில் இரண்டு, கடைசியில் நான்கு. மேல்தளக் கைப்பிடிக் கம்பிகள் பித்தளைத் தகட்டில் வெட்டியவை. சாமணத்தால் பிடித்து ஒட்டும்போது மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும். தரையில் தவழ்ந்து தேடிய நேரம்தான் அதிகம்.

ஏன் இந்தக் கப்பல்? அது கிடப்பது நம் கடலில். 1941 டிசம்பர் 2ஆம் தேதி ரிப்பல்ஸ் கப்பலோடு சிங்கப்பூருக்கு வந்தது. 8ஆம் தேதி மாலை, ஜப்பானியப் படை கரையிறங்குவதைத் தடுக்க வடக்கே கிளம்பியது. காவலுக்கு விமானங்கள் இல்லை. 10ஆம் தேதி குவாந்தான் கடற்பரப்பில் ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்துகொண்டன.

இந்த இடத்தில்தான் என் கை தயங்கியது. கப்பலுக்கு நான்கு சுழலிகள். இடப்பக்க வெளிச் சுழலியின் தண்டருகே பாய்ந்த டார்பிடோதான் பெரும் சேதத்துக்குக் காரணம். வளைந்த தண்டு நிற்காமல் சுழன்று உட்புறத்தைக் கிழிக்க, தண்ணீர் புகுந்தது. அந்தத் தண்டை மட்டும் ஒட்டாமல் இரண்டு வாரம் வைத்திருந்தேன். பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இரு கப்பல்களும் மூழ்கின. இறந்தவர்கள் 840 பேர்.

2023 மே மாதம் ஜொகூர் கடலில் ஓர் அந்நியக் கப்பலை நம் அதிகாரிகள் தடுத்து வைத்தார்கள். அதில் பழைய குண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் இருந்தன. இந்த இரு கப்பல்களின் சிதைவிலிருந்து அள்ளியதாக இருக்கலாம் என்று சந்தேகம். அந்தச் செய்திக்குப் பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

போன மாதம் ஏழு வயது மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, கப்பல்ல ஆளே இல்லையே!"

அரை சென்டிமீட்டர் உயர மனித உருவங்கள் என்னிடம் இருந்தன. ஒட்ட மனம் வரவில்லை. அன்று இருவரும் சேர்ந்து ஒட்டினோம். ஒட்டும்போது பாட்டியின் நினைவு வந்தது. "கப்பல் முழுகிடுச்சின்னு கிராணி சொன்ன அன்னிக்கே தோட்டத்துல பயம் வந்துடுச்சி" என்பார். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ந்தது. பிறகு பாட்டியின் அண்ணனைச் சயாம் ரயில்பாதை போட அழைத்துப் போனார்கள். திரும்பவில்லை.

"அவரு பேரு என்னப்பா?"

தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "பாட்டி பெரியண்ணன்னுதான்பா சொல்வாங்க" என்றார் அம்மா. கப்பலில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பாதையில் மடிந்த நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு கல்கூட இல்லை. பீரங்கியின் அங்குலக் கணக்கு தெரிந்த எனக்கு, பாட்டியின் அண்ணன் பெயர் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கிள்ளானுக்குப் போனோம். பாட்டியின் தங்கை அங்கே இருக்கிறார், வயது 92. காது மந்தம். மூன்று முறை உரக்கக் கேட்டேன். நான்காவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொல்லிவிட்டு, வெகுநேரம் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கப்பலின் மரப்பீடத்துக்கு அடியில் மகள் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் 'பெரியண்ணன்', 'சின்னத் தாத்தா' என்று மட்டுமே அறியப்பட்ட ஒருவர் இருப்பார். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

குழம்புச் சட்டிக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. கப்பல், பாட்டி படத்துக்குக் கீழே போய்விட்டது.