கடந்த காலத்தைக் காட்டும் கருவி

கடந்த காலத்தை நேரில் காட்டும் கருவி என்ற கற்பனை, காலப் பயணம் அளவுக்குப் பேசப்படுவதில்லை என்றாலும், அறிவியல் மர்மக்கதைக்கு அதுவே கூடுதலாகப் பொருந்துவது. காலப் பயணி முற்காலத்துக்குள் நுழைந்து அதை மாற்றிவிடக்கூடும் என்பதால், தன் பாட்டனைத் தானே கொன்றால் என்னாகும் என்பது போன்ற முரண்களில் அவ்வகைக் கதைகள் எளிதில் சிக்கிக்கொள்கின்றன. பார்க்க மட்டுமே முடிந்து, தொட முடியாத கடந்த காலத்தில் அத்தகைய முரணுக்கு இடமில்லாததால், யார் எதைப் பார்க்கலாம் என்ற அதிகாரக் கேள்வி முன்னுக்கு வந்து நிற்கிறது. இக்கேள்வியை இறுதிவரை விடாமல் துரத்திய கதை, ஐசக் அசிமோவ் 1956 ஏப்ரல் மாத 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் எழுதிய 'தி டெட் பாஸ்ட்'.

அதன் மையப் பாத்திரம் ஆர்னால்ட் பாட்டர்லி என்னும் பண்டைய வரலாற்றுப் பேராசிரியர். இன்றைய துனீசியாவின் கடற்கரையில் செழித்து, கி.மு. 146இல் ரோமானியரால் அழிக்கப்பட்ட கார்த்தேஜ் நகரத்தார் தம் குழந்தைகளைத் தெய்வத்துக்குப் பலியிட்டனர் என்பது பகைவர் பரப்பிய அவதூறு என்று அவர் நம்புகிறார். அதை மெய்ப்பிப்பதற்காக, அரசின் பிடியில் இருக்கும் காலநோக்கியில், அதாவது நடந்து முடிந்தவற்றைத் திரையில் காட்டும் கருவியில், அந்நகரைக் காண அனுமதி கேட்கிறார். அனுமதி மறுக்கப்படுகிறது. ஆராய்ச்சிகளையெல்லாம் அரசே பங்கிட்டுத் தரும் அந்த எதிர்காலச் சமூகத்தில் ஒருவர் தம் துறைக்கு வெளியே எட்டிப் பார்ப்பதே தவறாகக் கருதப்படுவதால், ஜோனாஸ் ஃபாஸ்டர் என்னும் இளம் இயற்பியலாளரின் உதவியை மறைவாகப் பெற்று அக்கருவியைத் தாமே உருவாக்க அவர் துணிகிறார்.

பாட்டர்லியின் ஐயம் வெறும் கற்பனை அன்று. கார்த்தேஜில் தோஃபெட் எனப்படும் புதைகளத்தில், எரியூட்டப்பட்ட சிசுக்களின் எலும்புகளும் ஆட்டுக்குட்டிகளின் எலும்புகளும் அடங்கிய தாழிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பிறப்பின்போது உடல் காணும் அதிர்ச்சி, பல்லின் எனாமலில் ஒரு நுண்கோடாகப் பதிகிறது. ஆயினும் குழந்தை ஓரிரு வாரமாவது உயிரோடு இருந்தால்தான் அக்கோடு நுண்ணோக்கிக்குப் புலப்படும். ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு, 348 தாழிகளில் இருந்த 540 பேரின் எச்சங்களை, அக்கோடு உள்ளதா என்பதையும் பார்த்து ஆராய்ந்து, அவர்களில் பலர் பிறக்கும் முன்போ பிறந்த சில நாள்களிலோ இயல்பாக இறந்தவர்களே என்றும், முறையான நரபலிக்குச் சான்றில்லை என்றும் 2010இல் எழுதியது. அதே இடத்தை அகழ்ந்த லாரன்ஸ் ஸ்டேகர் உள்ளிட்ட மற்றொரு குழு, தீயில் எலும்பும் பல்லும் சுருங்குவதைக் கணக்கில் கொண்டால் இறந்தோர் வயது ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் குவிகிறது என்றும், இயல்பான சாவு அப்படிக் குவிவதில்லை என்றும் அடுத்த ஆண்டே மறுத்தது. ஒரே தாழிகள், ஒரே பற்கள், நேர் எதிரான இரு முடிவுகள். அசிமோவின் கதைக்குள் இருப்பதைவிடக் குறைவில்லாத மர்மம் இது.

கதையில் வரும் கருவி நியூட்ரினோக்களைக் கொண்டு இயங்குகிறது. நியூட்ரினோ என்பது மின்னேற்றம் இல்லாத, பருப்பொருளோடு ஏறத்தாழ உறவே கொள்ளாத நுண்துகள். சூரியனிலிருந்து புறப்படுபவற்றில் மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி, பூமியில் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பையும் துளைத்துச் செல்கின்றன. 1930இல் வோல்ஃப்காங் பவுலி கணக்கின் தேவைக்காக முன்மொழிந்த இத்துகள் மெய்யாகவே உள்ளது என்பதை ஃபிரெடெரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் உறுதிப்படுத்தி அவருக்குத் தந்தி அனுப்பியது 1956 ஜூனில். கதை அதற்கு முன்பே அச்சேறிவிட்டது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தையும் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் அறிந்த தமிழ் வாசகர்கள், இந்தத் துகளை அரசும் மக்களும் மோதிக்கொள்ளும் பின்னணியில் காண்பதற்குப் பழகியவர்களே. நியூட்ரினோ உண்மையிலேயே கடந்த காலத்தைக் கொண்டுவந்தும் இருக்கிறது: 1987 பிப்ரவரி 23 அன்று, ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்தவற்றில் ஏறத்தாழ 2 டஜன் துகள்கள், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் இருந்த உணர்கருவிகளில் பதிவாயின.

அசிமோவின் மதிநுட்பம் கருவியைவிட அதன் வரம்பில்தான் வெளிப்படுகிறது. காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல, செய்தியைச் சுமக்கும் குறிகளை இரைச்சல், அதாவது ஒழுங்கற்ற வீண் அதிர்வுகள், மூழ்கடித்துவிடுவதால், ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் எதையும் காண இயலாது என்று ஃபாஸ்டர் கண்டுபிடிக்கிறார். கார்த்தேஜ் நிரந்தரமாகக் கைநழுவுகிறது. ஆனால் பாட்டர்லியின் மனைவிக்கு அந்த நூறாண்டு தாராளமாகப் போதும். தீ விபத்தில் மாண்ட தன் குழந்தையை மறுபடி பார்க்க ஏங்கும் அவர், கருவி கிடைத்தால் திரையைவிட்டு அகலமாட்டார் என்பதைக் கணவர் அச்சத்தோடு உணர்கிறார். எழுபது ஆண்டுப் பழமையான கதை என்பதால் அதன் முடிச்சை இங்கே அவிழ்ப்பது மன்னிக்கத்தக்கது: கடந்த காலம் நூறாண்டுக்கு முன்னர் மட்டும் இருப்பதன்று, ஒரு நொடிக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது; ஆகவே காலநோக்கி என்பது எவர் வீட்டுக்குள்ளும் எவரும் நுழைந்து பார்க்க வழிவிடும் வேவுக்கருவி. அதுவரை அறிவை ஒடுக்கும் கொடுங்கோலாகத் தோன்றிய அரசு, மனிதரின் அந்தரங்கத்துக்குக் காவலாக நின்றது என்பது தெரியவரும்போது செய்தி ஏற்கெனவே வெளியே கசிந்துவிட்டிருக்கிறது. வாசகரின் அனுதாபத்தை ஒரே பக்கத்தில் தலைகீழாக்கும் இத்திருப்பத்துக்கு நிகரானது இவ்வகைக் கதைகளில் அரிது.

இக்கருத்து அசிமோவோடு தொடங்கியதுமில்லை, முடிந்ததுமில்லை. 1947இல் டி. எல். ஷெர்ரெட் எழுதிய 'இ ஃபார் எஃபர்ட்' கதையில், இத்தகைய கருவியைக் கொண்டு அலெக்சாண்டரைப் படம்பிடித்துத் திரைப்படமாக விற்கும் இருவர், பின்னர் உலகப் போர்களின் பின்னிருந்த பொய்களை அம்பலப்படுத்த முற்பட்டு, தடுக்க நினைத்த போரையே வரவழைக்கின்றனர். ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டீஃபன் பாக்ஸ்டரும் 2000இல் வெளியிட்ட 'தி லைட் ஆஃப் அதர் டேஸ்' நாவலில் புழுத்துளைகள், அதாவது வெளியின் இரு தொலைவிடங்களைக் குறுக்கு வழியில் இணைக்கும் கோட்பாட்டளவிலான சுரங்கங்கள், கேமராவாகின்றன. இயேசுவின் வாழ்க்கை முதல் உயிரின் தோற்றம் வரை எதுவும் அதற்குத் தப்புவதில்லை. எல்லாவற்றையும் காட்டிவிடுவதே அந்நூலின் பலவீனமும்கூட. வரம்பில்லாத கருவியின் முன் வரலாறு வெறும் காட்சிப்பொருளாகிவிட, தேடலுக்குரிய பதற்றம் தளர்ந்துவிடுகிறது.

மெய்யான இயற்பியலோ இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. கார்த்தேஜ் எரிந்தபோது எழுந்த ஒளியில் வானத்துக்குத் தப்பியது இன்று இரண்டாயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் விரைந்துகொண்டிருக்கிறது. ஒளியை முந்த எதனாலும் இயலாது என்பதால் அதை இனிப் பிடிக்க வழியில்லை. ஆயினும் தப்பிய ஒளி எப்போதாவது திரும்பி வருவதுண்டு. 1572 நவம்பரில் வானியலாளர் டைக்கோ பிராஹே கண்டு குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் ஒளியில் ஒரு பகுதி, வேறு திசையில் சென்று விண்வெளித் தூசு மேகத்தில் பட்டுச் சிதறி, நீண்ட சுற்றுவழியில் 436 ஆண்டுகள் தாமதமாகப் பூமியை வந்தடைந்தது. ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கியில் 2008இல் அதை நிறமாலையாகப் பிரித்த வானியலாளர்கள், வெடித்தது வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், என்று கண்டறிந்தனர். டைக்கோவின் காலத்தில் நிறமாலைக் கருவியும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. அவர் கண்ட அதே வெடிப்பை அவரைவிடத் தெளிவாக இன்றைய அறிவியல் கண்டது. ஆனால் எந்தத் தூசு மேகம் எதைத் திருப்பி அனுப்பும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பார்ப்பவருக்கு இல்லை. எஞ்சியதைத்தான் படிக்க முடியும், எஞ்சியதன் பொருளைப் பற்றிச் சண்டையிடவும் முடியும்.

அந்தச் சண்டையைத் தமிழ்நாடும் அறியும். கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு மயாமி ஆய்வகத்துக்குச் சென்று, துகள் முடுக்கியின் துணையோடு அதிலுள்ள கார்பன்-14 அணுக்கள் எண்ணப்பட்டு, கி.மு. 580 என்ற காலக்கணிப்போடு திரும்பியது முதல், அந்த எண்ணைச் சுற்றி எழுந்த வாதங்கள் இன்னும் ஓயவில்லை. அகழாய்வுக் குழி, பொட்டலம் கட்டிய மாதிரி, ஆய்வகம், முடிவு பிடிக்காதவர்கள் என ஒரு மர்மநாவலுக்கு வேண்டிய எல்லாமே இதில் உள்ளன. மாயக் கருவி எதுவும் தேவையில்லை. தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவோர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.