சட்டம் தெரிந்தால் மட்டும் போதுமா?

தில்லி திலக் மார்க்கில் உள்ள உச்ச நீதிமன்றத்தில், நீதிபதிகளுக்கு ஆய்வுப் பணியில் உதவும் லா கிளார்க் வேலைக்கு இளம் சட்டப் பட்டதாரிகளிடையே மவுசு அதிகம். 2025-ல் விண்ணப்பம் கோரப்பட்டபோது இருந்தவை சுமார் 90 இடங்கள். அப்போது மாதச் சம்பளம் ரூ. 80,000. ஒப்பந்த வேலைதான். ஆனால் சட்டப் பிரிவுகளை எண் பிசகாமல் ஒப்பிப்பவர்களும் இதற்கான தேர்வில் திணறக்கூடும்.

காரணம், தேர்வின் அமைப்பு. முதல் கட்டம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். சட்ட அறிவோடு படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனும் சோதிக்கப்படுகிறது. இரண்டாவது கட்டம் எழுத்துத் தேர்வு: வழக்குக் கட்டைப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டும், ஆய்வுக் குறிப்பு தயாரிக்க வேண்டும், அலசல் கேள்விக்கு விடையளிக்க வேண்டும். கடைசியாக நேர்காணல்.

வழுக்கும் இடம் எது? ஓர் உதாரணம்: 'உரிமம் இல்லாத கடைகள் எல்லாம் மூடப்படும்' என்கிறது ஓர் உத்தரவு. கரோல் பாகில் ஒரு கடை மூடப்பட்டிருக்கிறது. அப்படியானால் அதற்கு உரிமம் இல்லை என்று முடிவு செய்யலாமா? கூடாது. உரிமையாளர் ஊருக்குப் போயிருக்கலாம், வியாபாரம் நொடித்திருக்கலாம். உத்தரவு சொல்லாததை வாசிப்பவர் தாமாகச் சேர்த்துக்கொள்வதுதான் தவறு. லண்டன் சட்ட நிறுவனங்கள் பல பயன்படுத்தும் வாட்சன்-கிளேசர் தேர்விலும் இதே பொறிதான். ஊகம், அனுமானம், தருக்க முடிவு, பொருள் கொள்ளுதல், வாதங்களை எடைபோடுதல் என அதில் ஐந்து பிரிவுகள். 40 கேள்விகளுக்கு 30 நிமிடம். கேள்வியில் உள்ள வாசகத்துக்கு வெளியே காலெடுத்து வைத்தால் மதிப்பெண் போயிற்று.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் ஒரு தீர்ப்பு போதும். சம்பவங்கள், எழுந்த கேள்வி, இரு தரப்பு வாதம், முடிவுக்கான காரணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் பிரித்து எழுத வேண்டும். மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் இன்னும் நல்லது. நெருக்கடி நிலையின்போது, 1976-ல் வந்த ஜபல்பூர் வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். மற்ற நால்வர் அரசின் பக்கம். 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு ரத்தானது. கன்னாவைப் பாராட்டுவது எளிது. முதலில் அந்த நால்வரின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு அது எங்கே சறுக்கியது என்று காட்ட வேண்டும். அதுதான் பயிற்சி.

பலன் ஒரு வேலையோடு முடிவதில்லை. சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று 2025 மே 20-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், லா கிளார்க்காகப் பணியாற்றிய காலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நாளை பிறர் வழக்கைத் தீர்மானிக்கப் போகிறவர்கள், சொல்லப்பட்டதற்கும் தாமாக நினைத்துக்கொண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை இன்றே பழகிக்கொள்வது நல்லது.